ஐபாட் தெரியும்... ரியோ, ஐரிவர், கிரியேட்டிவ் ஜென் தெரியுமா? - மியூசிக் பிளேயர் போரில் சின்ன பிராண்டுகள் தோற்ற கதை!

பழைய ஐபாட் இப்போ மறுபடியும் ஸ்டைல் ஐட்டம். வயர் வைத்த ஹெட்செட், டிஜிகேம் வரிசையில் அதுவும் ரீல்ஸ்களில் எட்டிப் பார்க்கிறது. நோட்டிஃபிகேஷன் தொல்லை இல்லாமல் பாட்டு மட்டும் கேட்க ஒரு கருவி என்பதே 2கே கிட்ஸுக்குப் புதுசாகத் தெரிகிறது. நல்ல விஷயம்தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? அந்த ரீல்ஸ்களில் வருவது பெரும்பாலும் ஒரே கம்பெனியின் பிளேயர். அதே காலத்தில் ரியோ, கிரியேட்டிவ், ஐரிவர், ஆர்க்கோஸ், கோவொன், சான்டிஸ்க், டெல் எனப் பல பெயர்கள் கடைகளில் வரிசைகட்டி நின்றன. இன்று அவற்றைத் தேடுவாரே இல்லை.

'நல்ல பொருள் ஜெயிச்சுது, சுமாரான பொருள் தோத்துப்போச்சு. அவ்ளோதானே?' என்று கேட்கலாம். விஷயம் அவ்வளவு சிம்பிள் இல்லை. தோற்றுப்போன பிளேயர்களில் பல, முதல் ஐபாடில் இல்லாத எஃப்.எம் ரேடியோ, வாய்ஸ் ரெக்கார்டர் போன்ற வசதிகளோடு வந்தவை. கருவியாகப் பார்த்தால் அவை மோசமில்லை. அடி விழுந்தது கருவிக்கு வெளியே. அது எங்கே, எப்படி விழுந்தது என்று தெரிந்துகொண்டால், இப்போ உங்க போனில் இருக்கும் மியூசிக் ஆப் நாளைக்கு என்ன ஆகும் என்பதும் கொஞ்சம் புரியும்.

முதலில் வந்தது ஆப்பிள் இல்லை!

எம்.பி.3 பிளேயரைக் கண்டுபிடித்தது ஆப்பிள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 1998-லேயே தென்கொரியாவின் சேஹன் நிறுவனம் 'எம்பிமேன்' என்ற பிளேயரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. மெமரி எவ்வளவு தெரியுமா? 32 எம்.பி. சுமாராக அரை மணி நேரப் பாட்டு. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பெரிசு.

அதே வருடம் அமெரிக்காவின் டயமண்ட் மல்டிமீடியா, 'ரியோ பி.எம்.பி.300' என்ற பிளேயரோடு வந்தது. விலை 200 டாலர். கடைக்கு வரும்போதே கேஸும் கூடவே வந்தது. 'பாட்டை காப்பி பண்ணும் கருவி இது, விற்கக்கூடாது' என்று அமெரிக்க மியூசிக் கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ அக்டோபர் 1998-ல் கோர்ட்டுக்குப் போனது. மேல்முறையீட்டில் 1999 ஜூனில் தீர்ப்பு ரியோவுக்குச் சாதகமாக வந்தது. கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டைச் சொந்த உபயோகத்துக்காகப் பிளேயருக்கு மாற்றுவதில் தப்பில்லை என்ற நிலைப்பாடு அதில் உறுதியானது. பின்னாடி வந்த அத்தனை பிளேயர்களும் இந்தத் தீர்ப்பு போட்டுக்கொடுத்த ரோட்டில்தான் ஓடின, ஐபாட் உட்பட. கேஸ் செலவும் ரிஸ்க்கும் டயமண்டுக்கு, பலன் எல்லோருக்கும்.

அடுத்து சிங்கப்பூர். சிம் வாங் ஹூ என்பவர் 1981-ல் தொடங்கிய கம்பெனி, கிரியேட்டிவ் டெக்னாலஜி. கம்ப்யூட்டர்களுக்குச் சத்தம் கொடுத்த 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டு இவர்களுடையதுதான். 2000-ம் ஆண்டில் கிரியேட்டிவ் கொண்டுவந்த 'நோமட் ஜூக்பாக்ஸ்' பிளேயரில் 6 ஜி.பி ஹார்ட் டிஸ்க் இருந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகளை ஒரே பெட்டிக்குள் வைக்கலாம் என்பதை ஐபாடுக்கு ஒரு வருடம் முன்பே செய்து காட்டியவர்கள் இவர்கள். பிரச்னை சைஸ். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் உள்ளே இருந்ததால் சி.டி பிளேயர் அளவுக்குப் பெரிசு, எடை சுமார் 400 கிராம். பையில் வைக்கலாம், பாக்கெட்டில் வைக்க முடியாது.

ஆப்பிள் என்ன செய்தது?

2001 அக்டோபர் 23. ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபாடை அறிமுகப்படுத்தினார். 5 ஜி.பி, 399 டாலர், எடை 185 கிராம். அந்த சைஸுக்குக் காரணம், டோஷிபா உருவாக்கியிருந்த 1.8 இன்ச் ஹார்ட் டிஸ்க். அதன் மதிப்பைப் புரிந்துகொண்டு முந்திக்கொண்டு ஆர்டர் கொடுத்தது ஆப்பிள்.

இன்னொரு விஷயம் வேகம். அப்போதைய யு.எஸ்.பி-யில் நொடிக்கு 12 மெகாபிட் வேகம்தான். ஆப்பிள் பயன்படுத்திய ஃபயர்வயர் நொடிக்கு 400 மெகாபிட். மற்ற பிளேயர்களில் ஆயிரம் பாட்டு ஏற்ற மணிக்கணக்கில் காத்திருக்கணும். ஐபாடில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்று ஆப்பிள் விளம்பரம் செய்தது.

இதுவரை நடந்தது நியாயமான போட்டி. நல்ல சைஸ், நல்ல வேகம், விரலால் சுற்றும் வீல். இதற்காக யாரும் ஆப்பிளைக் குறை சொல்ல முடியாது. சொல்லப்போனால், முதல் ஐபாட் மேக் கம்ப்யூட்டரில் மட்டுமே வேலை செய்தது. உலகத்தில் பெரும்பாலானோர் விண்டோஸ் வைத்திருந்த நேரம் அது. அதனால் சின்ன பிராண்டுகளுக்கு அப்போதும் இடமிருந்தது. கதை மாறியது 2003-ல்.

2003 ஏப்ரல் 28-ல் ஐடியூன்ஸ் ஸ்டோர் திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாட்டுகள் விற்றன. அக்டோபரில் ஐடியூன்ஸ் விண்டோஸுக்கும் வந்தது. பாட்டு விற்கும் கடை, பாட்டை அடுக்கி வைக்கும் சாஃப்ட்வேர், பாட்டைக் கேட்கும் கருவி... மூன்றும் ஒரே கையில்.

ஐரிவரிடம் கருவி மட்டும்தான் இருந்தது. ரியோவிடமும் கருவி மட்டும்தான். போட்டி அதன்பிறகு கருவிக்கும் கருவிக்கும் நடக்கவே இல்லை.

பாட்டுக்குப் பூட்டு

ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டு ஒவ்வொன்றிலும் 'ஃபேர்பிளே' என்ற டிஜிட்டல் பூட்டு இருந்தது. கையில் எடுத்துக்கொண்டு போகும் பிளேயர்களில் ஐபாட் மட்டுமே அதைத் திறக்கும். சின்னக் கணக்கு ஒன்று போடலாம். ஒருவர் 200 பாட்டு வாங்கியிருக்கிறார் என்று வையுங்கள். 198 டாலர். நாளைக்கு அவர் ஐரிவர் வாங்க ஆசைப்பட்டால் அந்தப் பாட்டுகள் அதில் நேரடியாக ஓடாது. சி.டி-யில் எழுதி, அதை மறுபடி எம்.பி.3 ஆக்கலாம்தான். ஆனா அந்த வேலையை எத்தனை பேர் செய்வார்கள்?

2004-ல் ரியல் நெட்வொர்க்ஸ் என்ற நிறுவனம் 'ஹார்மனி' என்ற சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தது. தங்களிடம் வாங்கும் பாட்டும் ஐபாடில் ஓடும் என்றது. ஆப்பிள் அடுத்தடுத்த அப்டேட்களில் அந்தக் கதவை அடைத்தது. இது பற்றிய வழக்கு 10 வருடம் நடந்து, 2014-ல் ஆப்பிளுக்குச் சாதகமாக முடிந்தது.

ஆனா பூட்டு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். ஒரு ஐபாடுக்குச் சராசரியாக 22 பாட்டுதான் ஐடியூன்ஸில் வாங்கப்பட்டது என்று 2007 பிப்ரவரியில் ஸ்டீவ் ஜாப்ஸே எழுதினார். மற்றதெல்லாம் சி.டி-யிலிருந்தும், வேறு வழிகளிலும் வந்தவை. அப்படியானால் மக்களைப் பிடித்து வைத்தது எது? பழக்கம். வருடக்கணக்கில் உருவாக்கிய ப்ளேலிஸ்ட், வீட்டில் வாங்கி வைத்த ஸ்பீக்கர் டாக், காரில் பொருத்திய கேபிள் எல்லாம் ஐபாடுக்கானவை. 2003-ல் வந்த 30 பின் கனெக்டருக்கு ஏற்ப உலகம் முழுக்கத் துணைக்கருவிகள் குவிந்தன. ஐபாடுக்குக் கவர் தயாரித்தே பிழைத்த கம்பெனிகள் இருந்தன. மற்ற பிளேயர்களுக்குக் கவர் தேடினாலும் கிடைப்பது கஷ்டம்.

குடை பிடித்தவரே கைவிட்டார்

சின்ன பிராண்டுகள் சும்மா இருக்கவில்லை. மைக்ரோசாஃப்ட்டின் குடைக்குள் போனார்கள். 2004-ல் மைக்ரோசாஃப்ட் 'ப்ளேஸ்ஃபார்ஷுர்' என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அந்த முத்திரை இருக்கும் எந்தக் கடையில் பாட்டு வாங்கினாலும், முத்திரை இருக்கும் எந்தப் பிளேயரிலும் ஓடும் என்பதுதான் வாக்குறுதி. கிரியேட்டிவ், ஐரிவர் போன்றவர்கள் நம்பி வந்தார்கள்.

இரண்டே வருடம். 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 'ஸூன்' என்ற சொந்தப் பிளேயரை இறக்கியது. அதில் ப்ளேஸ்ஃபார்ஷுர் பாட்டுகள் ஓடாது! கூட்டணியை உருவாக்கியவரே கூட்டணிக்கு எதிராகக் கடை போட்ட கதை. அந்த ஸூனும் பிழைக்கவில்லை, 2011-ல் கருவித் தயாரிப்பு நின்றது. இடையில் நசுங்கியது சின்ன பிராண்டுகள்.

இதில் பாட்டு வாங்கியவர்களின் நிலைமை இன்னும் பரிதாபம். எம்.எஸ்.என் மியூசிக்கில் பூட்டோடு விற்ற பாட்டுகளுக்கான சாவி தரும் சர்வரை நிறுத்தப்போவதாக 2008-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதாவது, நீங்க புது கம்ப்யூட்டர் வாங்கினால் காசு கொடுத்து வாங்கிய பாட்டு அதில் திறக்காது. எதிர்ப்பு கிளம்பியதும் சில வருடங்கள் தள்ளிவைத்தார்கள். காசு கொடுத்தது நாம், சாவி இருப்பது அவர்களிடம் என்பது பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

சிப்புக்கும் முன்பணம்

இன்னொரு அடி, வெளியே அதிகம் பேசப்படாதது. 2005 செப்டம்பரில் ஆப்பிள் 'ஐபாட் நானோ'வைக் கொண்டுவந்தது. ஹார்ட் டிஸ்க் இல்லை, முழுக்க ஃப்ளாஷ் மெமரி. ஃப்ளாஷ் பிளேயர் சந்தைதான் சின்ன பிராண்டுகளின் கோட்டையாக இருந்தது. அங்கேயும் ஆப்பிள் வலுவாகக் காலூன்றியது.

அதே நவம்பரில் சாம்சங், ஹைனிக்ஸ், இன்டெல், மைக்ரான், டோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்களோடு 2010 வரைக்குமான மெமரி சப்ளை ஒப்பந்தத்தை ஆப்பிள் அறிவித்தது. அதற்காகக் கொடுக்கவிருந்த முன்பணம் 125 கோடி டாலர். ஃப்ளாஷ் பிளேயரின் அடக்க விலையில் பெரும்பங்கு மெமரிதான். மொத்தமாக, முன்கூட்டியே வாங்குபவருக்குச் சரக்கு உறுதி. மாதாமாதம் ஆர்டர் போடும் சின்ன கம்பெனிக்கு மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும், சொன்ன விலையில். மளிகைக் கடைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் இடையில் நடக்கும் அதே கணக்கு. மெமரி சிப் தயாரிக்கும் சான்டிஸ்க் மட்டும் கொஞ்ச காலம் அமெரிக்காவில் இரண்டாம் இடத்தில் தாக்குப்பிடித்ததற்குக் காரணமும் இதுதான். சிப் அவர்கள் வீட்டுச் சரக்கு.

கேஸில் ஜெயம், கடையில் தோல்வி

பாடகர், ஆல்பம், பாட்டு என்று மெனுவில் படிப்படியாகப் போகிறோம் இல்லையா? அந்த முறைக்கு 2005 ஆகஸ்ட்டில் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கியது கிரியேட்டிவ். 2006 மே மாதம் ஆப்பிள் மீது கேஸ் போட்டது. ஆப்பிளும் பதிலுக்குக் கேஸ் போட்டது. ஆகஸ்ட்டில் சமாதானம். ஆப்பிள் கொடுத்தது 10 கோடி டாலர்.

பெரிய வெற்றி என்றுதான் தோன்றும். ஆனா ஒப்பந்தத்தோடு சேர்ந்து வந்த இன்னொரு செய்தியைப் பாருங்கள். 'மேட் ஃபார் ஐபாட்' திட்டத்தில் கிரியேட்டிவ் சேர்ந்துகொண்டது. அதாவது, எதிரியின் பிளேயருக்கு ஸ்பீக்கரும் ஹெட்போனும் தயாரித்து விற்பது! போட்டியாளர் துணைக்கருவி சப்ளையராக மாறிய இடம் அது.

மற்றவர்கள் கதை இன்னும் சுருக்கம். ரியோவை வைத்திருந்த சோனிக்புளூ 2003-ல் திவாலானது. ரியோவை வாங்கிய டி அண்ட் எம் ஹோல்டிங்ஸ் 2005-ல் அந்தத் தொழிலையே மூடியது. டெல் 2006-ல் விலகியது. கொரியாவில் கொடிகட்டிப் பறந்த ஐரிவர், ஆப்பிளைக் கடித்துத் துப்பாத குறையாக விளம்பரமெல்லாம் செய்து பார்த்தது. கடைசியில் கை மாறி, 2014-ல் எஸ்.கே டெலிகாம் வசம் போனது.

நம்ம ஊர்ல கதையே வேற

இந்தியாவில் ஐடியூன்ஸ் ஸ்டோர் திறந்தது எப்போது தெரியுமா? 2012 டிசம்பரில். ஐபாட் வந்து 11 வருடங்கள் கழித்து! ஆப்பிளின் பெரிய ஆயுதமே இங்கே வேலை செய்யவில்லை. ஐபாடின் விலையும் காலேஜ் பசங்களுக்கு எட்டாத விலைதான்.

அப்போ கிரியேட்டிவும் ஐரிவரும் இங்கே ஜெயித்திருக்க வேண்டுமே? இல்லை. ஐபாட் ஷஃபிள் மாதிரியே இருக்கும், சட்டையில் கிளிப் மாட்டும் பெயரில்லாத சீன பிளேயர்கள் பிளாட்பாரக் கடை வரைக்கும் வந்துவிட்டன. அடுத்து போன். சோனி எரிக்ஸனின் வாக்மேன் போன்கள் 2005-ல், நோக்கியாவின் 5310 எக்ஸ்பிரஸ் மியூசிக் 2007-ல். கூடவே விரல் நகம் சைஸில் மெமரி கார்டு. 'மெமரி கார்டுக்குப் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற போர்டு இல்லாத செல்போன் கடையே இல்லை என்ற காலம் அது. இசையமைப்பாளருக்கோ பாடகருக்கோ அதில் ஒரு பைசாகூடப் போகவில்லை என்பது தனிக்கதை. ஆனா 'பாட்டுக்கு எதற்குத் தனியாக ஒரு மெஷின்?' என்ற கேள்வியை நம் ஊர் சீக்கிரமே கேட்டுவிட்டது.

அந்தக் கேள்வி ஐபாடையும் விடவில்லை. 2008 நிதியாண்டில் 5.48 கோடி ஐபாடுகள் விற்றன. 2014-ல் அது 1.44 கோடி. 2022 மே 10-ல் கடைசி மாடலும் நிறுத்தப்பட்டது. ஆனா ஒரு வித்தியாசம். ஐபாடைக் காலி செய்ததில் பெரிய பங்கு ஐபோனுக்கு. காசு இந்தப் பாக்கெட்டிலிருந்து அந்தப் பாக்கெட்டுக்குப் போனது, அவ்வளவே. பிளேயர் தவிர வேறு பெரிய வருமானம் இல்லாத கம்பெனிகளுக்கு அப்படி இன்னொரு பாக்கெட் இல்லை. போன் இருந்தாலும் தப்பிக்க முடியாது என்பதற்கு நோக்கியாவே சாட்சி. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய அதன் தொழிற்சாலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் உங்க வயசுக்காரர்கள்.

பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள்?

ஒரு சிலர் தப்பித்தார்கள். எல்லோருக்கும் விற்கும் ஆசையை விட்டவர்கள் அவர்கள். ஐரிவர் 2012-ல் 'ஆஸ்டெல் அண்ட் கெர்ன்' என்ற பிராண்டைத் தொடங்கியது. துல்லியமான ஒலிக்காக எவ்வளவும் செலவழிக்கும் ரசிகர்கள்தான் குறி. அதன் சில மாடல்கள் லட்ச ரூபாயைத் தாண்டும். சீனாவின் ஃபியோ அதே ரசிகர்களுக்குக் குறைந்த விலையில் பிளேயர் தருகிறது.

இந்தியாவில் சரிகம 2017-ல் கொண்டுவந்த 'கார்வான்' இன்னொரு உதாரணம். பழைய ரேடியோ தோற்றம், உள்ளே 5,000 பழைய பாட்டுகள், தமிழுக்குத் தனிப் பதிப்பு. நெட் வேண்டாம், ஆப் வேண்டாம், பட்டனைத் திருகினால் போதும். ஸ்மார்ட்போனோடு மல்லுக்கட்ட விரும்பாத தாத்தா பாட்டிகளுக்கு அது போதும். அதோடு, பாட்டுகளின் உரிமையும் சரிகமவிடமே இருந்தது. கருவிக்கு வெளியே இருக்கும் பலம் இங்கே சரியான கையில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இப்போ உங்க போனுக்கு வருவோம்

பிளேயர் போர் முடிந்துவிட்டது. அதே போர் இப்போது ஆப்களில் நடக்கிறது. கானா 2022-ல் இலவச சேவையை நிறுத்திக் கட்டணச் சேவையாக மாறியது. பைட்டான்ஸின் ரெஸ்ஸோ 2024 ஜனவரி 31-ல் இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஏர்டெல் தன் விங்க் மியூசிக்கை மூடுவதாக அறிவித்தது. மிச்சம் இருப்பவர்கள் யார்? யூடியூப் மியூசிக்குக்குப் பின்னால் கூகுள், ஜியோசாவனுக்குப் பின்னால் ரிலையன்ஸ், பிறகு ஆப்பிள், அமேசான். பாட்டில் நஷ்டம் வந்தாலும் இவர்களுக்குத் தாங்கும். ஸ்பாட்டிஃபை ஒன்றுதான் ஒலியை மட்டுமே நம்பிப் பிழைக்கும் பெரிய பெயர். அதுவும் ஐபோனுக்குள் இருக்க ஆப்பிளின் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். ஸ்பாட்டிஃபை கொடுத்த புகாரில், மியூசிக் ஆப் சந்தையில் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் அபராதம் போட்டது.

அபராதங்கள் தாமதமாகத்தான் வரும். பொது விதிகள் முன்கூட்டியே வந்தால்தான் சின்னவர்களுக்கு உதவி. 2024 டிசம்பர் முதல் ஐரோப்பாவில் புதிதாக விற்கும் போன், ஹெட்போன் எல்லாவற்றுக்கும் யு.எஸ்.பி சி சார்ஜிங் கட்டாயம். அந்தக் காலத்து 30 பின் கனெக்டர் பொதுவானதாக இருந்திருந்தால், ஐரிவருக்கும் கார் கேபிள் கிடைத்திருக்கும்.

சரி, நாம என்ன செய்யலாம்? முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். ஆப்பில் 'டவுன்லோடு' செய்த பாட்டு உங்களுடையது இல்லை. சந்தா நின்றால் அதுவும் நிற்கும். உயிருக்கு உயிரான நாற்பது, ஐம்பது பாட்டுகளையாவது பூட்டில்லாத ஃபைலாகக் காசு கொடுத்து வாங்கி வைக்கலாம். பேண்ட்கேம்ப் போன்ற தளங்களில் சுயாதீனக் கலைஞர்கள் அப்படி விற்கிறார்கள், காசில் பெரும்பகுதி அவர்களுக்கே போகும். ப்ளேலிஸ்ட்டை அவ்வப்போது வெளியே எடுத்து ஒரு பட்டியலாகச் சேமித்து வையுங்கள். அடுத்த முறை இயர்பட்ஸ் வாங்கும்போது, வேறு பிராண்ட் போனிலும் அதன் எல்லா வசதிகளும் வேலை செய்யுமா என்று கடையிலேயே கேளுங்கள்.

சின்ன பிராண்ட் காணாமல்போனால் அந்த கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் நஷ்டம் என்று நினைத்துவிட வேண்டாம். எஃப்.எம் வேண்டுமா, மாற்றக்கூடிய பேட்டரி வேண்டுமா, ஹெட்போன் ஜாக் வேண்டுமா என்று கேட்க ஒரு காலத்தில் பத்துக் கடைகள் இருந்தன. இன்று ஜாக் வேண்டாம் என்று இரண்டு மூன்று கம்பெனிகள் முடிவெடுத்தால், நமக்கும் வேண்டாம் என்று ஆகிவிடுகிறது. உங்க ஃபேவரைட் ப்ளேலிஸ்ட் இப்போ எந்த ஆப்பில் இருக்கு? அந்த ஆப் அடுத்த மாதம் மூடினால், அதில் எத்தனை பாட்டு உங்க கையில் மிஞ்சும்? ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.